புல்லுக்குள் நிற்கும் கீரைக்கு ஒரு பாத்தி

கேள்வி: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். போன வருடம் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தார். இந்தச் சித்திரையில் ஸ்னோ கரைந்த கையோடு, பின்வளவுப் புல்லுக்குள் களையாக நின்ற, மஞ்சளாகப் பூக்கிற டான்டேலியன் செடியின் இலைகளை ஒரு சுளகு நிறையப் பிடுங்கி வறை வறுத்துவிட்டார். பயந்து பயந்து ஒரு வாய் சாப்பிட்டேன். கைத்தாலும் பிடித்துவிட்டது. கணவர் தொடவில்லை. "காசு கொடுத்து ஆள் வைத்துப் பிடுங்குகிற களையைச் சமைக்கிறதோ" என்கிறார். அம்மாவோ அதற்கென்றே ஒரு பாத்தி போட வேண்டும் என்று நிற்கிறார். எங்கள் புல்லைப் பார்த்து ஏற்கெனவே முகம் சுளிக்கிற பக்கத்து வீட்டுக்காரர் வேறு. அம்மாவுக்கு வயது 71, இதயத்துக்காக வார்ஃபரின் குளிசை எடுக்கிறார். இந்தக் கீரையைச் சாப்பிடலாமா? வளர்க்கலாமா? வேரில் கோப்பி போடலாம் என்கிறார்களே, உண்மையா? விதையை ஊருக்கு அனுப்பவும் அம்மாவுக்கு ஆசை.
— ஸ்காபரோ வாசகி

பதில்:

முதலில் குளிசை. பாத்தி, கோப்பி, விதை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் தோட்டக்கலை படித்து ஒன்ராறியோ நாற்றுப் பண்ணைகளில் வேலை செய்கிறவன், வைத்தியன் அல்ல. ஆனாலும் கீரையைப் பற்றிக் கேட்கிற கடிதத்தில் வார்ஃபரின் என்ற சொல்லைக் கண்டால் மேலே எழுதக் கை தயங்கும். உடலில் வைட்டமின் கே செய்கிற வேலையைத் தடுத்துத்தான் அந்தக் குளிசை இரத்தம் கட்டிபடாமல் பார்த்துக்கொள்கிறது. டான்டேலியன் இலையிலோ அந்த வைட்டமின் கொட்டிக் கிடக்கிறது. 100 கிராம் பச்சை இலையில் ஏறக்குறைய 780 மைக்ரோகிராம். கடையில் வாங்கும் ஸ்பினாச்சில் 480 அளவுதான். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் போதும் என்று சொல்லப்படுவது 90. நூறு கிராம் இலையில் வறுத்த வறையை அம்மா ஒருவரே சாப்பிட்டால், எட்டு நாள் பங்கு ஒரு நேரத்தில் உள்ளே போகிறது. அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் குறையுமா என்று கேட்பீர்கள். குறையாது. வைட்டமின் கே தண்ணீரில் கரைவதில்லை.

இதைப் படித்துவிட்டு அம்மாவின் கீரையை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். அதுவும் பிழை. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி என்று கீரையோடு வாழ்ந்தவர். அவர் வழக்கமாகச் சாப்பிடுகிற சாப்பாட்டோடு சேர்த்துத்தான் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் குளிசையின் அளவை வைத்திருப்பார்கள். ஆபத்து கீரையில் இல்லை, கூடிக் குறைவதில் இருக்கிறது. டான்டேலியனின் குணமோ அதற்கு நேர் எதிர். ஏப்ரலில் மூன்று நான்கு கிழமை வளவெல்லாம் இளம் இலை, பிறகு பூத்துவிட்டால் கைப்பேறி யாரும் தொடமாட்டார்கள். நான்கு கிழமை விருந்து, பதினொரு மாதம் பட்டினி. வார்ஃபரின் எடுப்பவருக்கு இதைவிடப் பொருத்தமில்லாத சாப்பாட்டு முறை கிடையாது. ஆகவே குடும்ப வைத்தியரிடமோ, ஐ.என்.ஆர் என்ற இரத்தம் உறையும் வேகச் சோதனை பார்க்கும் இடத்திலோ, "இப்படி ஒரு கீரை, கிழமைக்கு இவ்வளவு சாப்பிட ஆசைப்படுகிறார்" என்று அளவோடு சொல்லுங்கள். ஏற்கெனவே ஒரு சுளகு வறுத்ததையும் சொல்லுங்கள். அவர்கள் சரி என்றால், சிறிய அளவில், ஒழுங்காக, வருடம் முழுவதும் கிடைக்கிற மாதிரிச் செய்ய வழி இருக்கிறது. பாத்தி போட வேண்டும் என்று அம்மா நிற்பது அந்த வகையில் நல்ல யோசனைதான். புல்லுக்குள் ஓடி ஓடிப் பிடுங்குவதை விட, கிழமைக்கு ஒரு கைப்பிடி என்று பாத்தியில் அறுப்பது அவருக்குப் பாதுகாப்பு.

வீட்டில் மற்றவர்களுக்கும் ஒரு வரி. சிறுநீரக வருத்தத்துக்காகப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், நீர் போக்கும் குளிசையோ லித்தியமோ எடுப்பவர்கள், பித்தக்கல் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஆகஸ்டில் ராக்வீட் என்ற களையின் பூந்தாதுக்குத் தும்முகிறவர்களும் கவனம், இரண்டும் ஒரே குடும்பம். இந்த இலை நீர் போக்கும் என்பது பழைய செய்தி. பிரெஞ்சுக்காரர் இதற்கு வைத்திருக்கும் பெயர் பிஸான்லி. படுக்கையில் மூத்திரம் என்று அர்த்தம். இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவாக எழுத என்னால் முடியாது.

சரி, இனி செடி.

அம்மாவின் கண்ணை நான் நம்புகிறேன். ஆனால் அந்தக் கண் பழகியது வேறு மண்ணில். யாழ்ப்பாணத்து வெக்கையில் டான்டேலியன் நிற்காது. இங்கேயோ மஞ்சளாகப் பூக்கிற எல்லாவற்றையும் டான்டேலியன் என்றுதான் சனம் சொல்லும். மூன்று அடையாளம் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று, இலைகள் எல்லாம் நிலத்தோடு ஒரே இடத்திலிருந்து வட்டமாக விரிந்திருக்கும். மயிர் அநேகமாக இராது, விளிம்புப் பற்கள் அடிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும். சிங்கப் பல் என்ற பிரெஞ்சுச் சொல்தான் டான்டேலியன் ஆனது. இரண்டு, பூக்காம்பு குழாய் மாதிரி உள்ளே வெறுமையாக, கிளையும் இலையும் இல்லாமல், உச்சியில் ஒரே ஒரு பூவோடு நிற்கும். மூன்று, எங்கே ஒடித்தாலும் வெள்ளைப் பால் வரும். பால் மட்டும் போதாது. பால் வருகிற நச்சுச் செடிகளும் வளவில் முளைக்கும்.

இலை மயிரடர்ந்து, காம்பு கிளைவிட்டிருந்தால் அது காட்ஸ்-இயர் என்ற இன்னொரு செடி. தின்றால் ஒன்றும் செய்யாது. நான் பயப்படுவது கோல்ட்ஸ்ஃபுட்டுக்கு. மார்ச் கடைசியிலேயே வாய்க்கால் ஓரம், வீதியோரம் எல்லாம் டான்டேலியன் போலவே மஞ்சளாகப் பூத்து நிற்கும். அந்தக் காம்பில் மீன் செதில் மாதிரிச் சிறு செதில்கள் இருக்கும், பூக்கிற நேரம் இலையே இராது. ஈரலைக் கெடுக்கிற பொருள் அதில் உண்டு. இலை பறிப்பவர் அதில் ஏமாறமாட்டார், பூவில் பஜ்ஜி போடுகிறவர் ஏமாறலாம். இலையில்லாமல் பூ மட்டும் நின்றால் விட்டுவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது, எந்த இடத்து இலை. நகர மண்ணில் உலோகம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஆய்வாளர்கள் டான்டேலியன் இலையையே எடுத்துச் சோதிப்பதுண்டு. மண்ணில் இருப்பதை இலை காட்டிக்கொடுக்கும், அவ்வளவு நன்றாக உறிஞ்சும். ஸ்காபரோவில் 1950களிலும் 60களிலும் கட்டிய வீடுகள் ஏராளம். 1960க்கு முந்திய வீடென்றால் பெயின்டில் ஈயம் இருந்திருக்கவே வாய்ப்பு. 1990 வரை கட்டிய வீடுகளின் வெளிச்சுவரிலும் இருந்திருக்கலாம். அந்தப் பெயின்ட் உரிந்து விழுவது சுவரை ஒட்டிய மண்ணில்தான். கனடாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதும் 1990இல்தான், வீதியோர மண்ணுக்கு அது மறக்கவில்லை. போதாததற்கு மாரியில் தூவுகிற உப்பு, நாய்கள். ஆகவே முன்வளவு வேண்டாம், டிரைவ்வே ஓரம் வேண்டாம், சுவரடி வேண்டாம். பூங்காவிலும் பறிக்காதீர்கள். நகரப் பூங்காக்களில் செடி பிடுங்குவது சட்டப்படி தடை.

உங்கள் கணவர் ஆள் வைத்துப் பிடுங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். வெறும் பிடுங்கலா, ஏதாவது அடிக்கிறார்களா என்று கேளுங்கள். புல்தரை அழகுக்காகக் களைநாசினி அடிப்பதை ஒன்ராறியோ 2009 ஏப்ரல் 22ஆம் தேதியிலிருந்து தடை செய்துவிட்டது. ஊரெங்கும் இத்தனை மஞ்சள் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இரும்புச் சத்தில் செய்த ஒரு மருந்துக்கு அனுமதி உண்டு. அடித்த சில மணி நேரத்தில் இலை கறுத்துச் சுருங்கும். கறுத்த இலை நின்ற புல்தரையில் அந்த வருடம் கீரை பறிக்காமல் விடுவது என் வழக்கம்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, மற்றப் பாதியைத்தான் இப்போது சொல்கிறேன். இந்தக் கண்டத்தில் டான்டேலியன் தானாக இருந்ததில்லை. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் கீரைக்கும் மருந்துக்கும் என்று கூடவே கொண்டுவந்தது. நாங்கள் முருங்கைத் தடியைக் கொண்டுபோய் நடுகிற மாதிரி. புல்லை மட்டும் வளர்த்து மற்றதையெல்லாம் பிடுங்குகிற பழக்கம் வந்த பிறகுதான் அது களையானது. இன்னும் ஒன்று சொல்ல ஆசை, கீரைக்குச் சம்பந்தமில்லை என்றாலும். இதன் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று கசகஸ்தான் பக்கம் வளர்கிறது. அதன் வேர்ப் பாலில் நல்ல ரப்பர் உண்டு என்று 1930களில் சோவியத் நாட்டில் கண்டுபிடித்துப் பயிரே செய்தார்கள். 1942இல் மலாயாவை ஜப்பான் பிடித்த பிறகு நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய ரப்பர் தோட்டம் இலங்கைதான். அங்கே நம் நாட்டு ரப்பர் மரத்தில் வெட்டு விழுந்துகொண்டிருந்த அதே காலத்தில் அவர்கள் டான்டேலியன் வேரைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் கணவர் இதற்கு மசிகிறவரா தெரியாது. சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பாருங்கள்.

பாத்திக்கு வருவோம். புல்லுக்குள் நிற்கும் செடியைக் கிளப்பி நடலாமா என்றால், நடலாம், ஆனால் அது எந்த மண்ணில் வளர்ந்ததோ அதோடுதான் வரும். விதை போடுவதே நல்லது. இங்கே ஒரு எச்சரிக்கை. சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் "இத்தாலியன் டான்டேலியன்" என்று எழுதிய பக்கெட்டை வாங்கிப் போட்டேன். இலை நீளமாக, நேராக, மிக அழகாக வந்தது. அடுத்த கோடையில் நெஞ்சளவுக்கு உயர்ந்து நீலமாகப் பூத்தது. அது சிக்கரி. காய்கறிக் கடைகளில் டான்டேலியன் என்று கட்டுக் கட்டாக விற்பதும் பல நேரம் அதுதான், கத்தலோனியா சிக்கரி என்பது அதன் பெயர். கெடுதல் ஒன்றும் இல்லை, அதுவும் நல்ல கீரையே. ஆனால் நீங்கள் கேட்டது இதுவல்லவே. பக்கெட்டில் தாவரப் பெயர் டராக்ஸகம் என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். பிரான்சில் நூறு வருடத்துக்கு மேலாகப் பயிர் செய்கிற வகைகளும் உண்டு, மோமாஞி பச்சை என்பது ஒன்று. காட்டுச் செடியை விட இலை அகலம், கைப்பும் கொஞ்சம் குறைவு.

ஆழமான பெட்டி வேண்டும். ஆணிவேர் சாதாரணமாக ஒரு அடிக்குப் போகும், இளகிய மண் கண்டால் இன்னும் இறங்கும். அம்மாவிடம் சொன்னால் அலவாங்கு கேட்பார். பலகை அடித்து உயர்த்திய பாத்தியில் வாங்கிய மண்ணையும் கொம்போஸ்டையும் நிரப்புங்கள், அப்போது ஈயக் கவலையும் இல்லை. குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். விதையை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். அதற்கு வெளிச்சம் பட வேண்டும். மேலே தூவி, உள்ளங்கையால் மெல்ல அமர்த்தி, பூவாளியால் தெளித்தால் போதும். ஈரம் காயாமல் பார்த்தால் இரண்டு மூன்று கிழமைக்குள் முளைத்துவிடும். முளைத்தவற்றைச் சாணுக்கொன்றாக விட்டு மற்றதைக் களையுங்கள், களைந்த குருத்தும் சாப்பாட்டுக்கு. இந்த வருடம் மே மாதத்தில் போட்டால் கோடை கடைசியில் ஓரளவு அறுக்கலாம். ஆனால் அடுத்த ஏப்ரல் இலைதான் உண்மையான இலை. குளிரடித்த பிறகு அக்டோபரில் வருகிற தளிரும் இனிமையானது. ஒரு செடியை மொட்டையடிக்காமல் வெளி இலைகளை மட்டும் எடுத்து நடுக்குருத்தை விட்டால் வருடக் கணக்கில் நிற்கும்.

கைப்பைக் குறைக்கச் சமையலறைக்குப் போக வேண்டாம், பாத்தியிலேயே ஒரு வேலை இருக்கிறது. அறுப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன் செடியின் மேல் ஒரு பூச்சாடியைக் கவிழ்த்து, அடியிலிருக்கும் ஓட்டையை ஒரு கல்லால் மூடிவிடுங்கள். வெளிச்சம் படாத இலை வெளிறி மஞ்சளாகி, மெதுவாகி, கைப்பு பாதியாகிவிடும். பிரெஞ்சுக்காரர் உயிரைக் கொடுப்பது இந்த வெளிறிய இலைக்குத்தான். உங்கள் வீட்டில் மூன்று சாடி இருந்தால் முறை வைத்து மூடலாம், கிழமைக்கு ஒரு செடி தயாராகும். மேலே சொன்ன ஒழுங்கான அளவு இப்படித்தான் கைக்கு வரும்.

மாரிக்கு உங்கள் பேஸ்மென்ட் இருக்கிறது. இதுதான் நான் ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுக்காத விஷயம். அக்டோபர் கடைசியில், நிலம் இறுகுவதற்கு முன், தடித்த வேர்களாகப் பார்த்து ஒடியாமல் கிளப்புங்கள். இலையை இரண்டு விரல் அளவு விட்டு வெட்டுங்கள். வளரும் நுனியை வெட்டிவிடக் கூடாது. ஒரு ஆழமான வாளியில் ஈர மணலோ பழைய சாடி மண்ணோ போட்டு, வேர்களை நெருக்கமாக நிறுத்தி, தலை மட்டும் வெளியே தெரிய மூடுங்கள். அடியில் ஓட்டை இல்லாத வாளி என்றால் தண்ணீரைக் குறைத்தே விட வேண்டும். மேலே இன்னொரு வாளியைக் கவிழ்த்து, சூடாக்கியிலிருந்து தள்ளி, பேஸ்மென்ட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். மூன்று நான்கு கிழமையில் வெண்மஞ்சள் இலைகள் வரும். இரண்டு மூன்று முறை அறுக்கலாம், பிறகு வேர் களைத்துவிடும், எறிந்துவிட்டு அடுத்த வாளி. மாற்றி மாற்றி வாளி போட்டால் ஜனவரியில் வெளியே ஸ்னோ கொட்டும்போது அம்மாவுக்கு வளவுக் கீரை இருக்கும். முதல் வருட மாரியில் ஊர் முகம் தேடுகிறவர்களுக்கு வாளிக்குள் எட்டிப் பார்க்க ஒன்று இருப்பது நல்லது. இது தோட்டக்கலைப் பாடத்தில் இல்லை, என் அம்மாவைப் பார்த்துச் சொல்கிறேன்.

சமையலில் உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. சில குறிப்பு மட்டும். பூத்த பிறகு பறித்த முற்றல் இலை என்றால், கொதிக்கிற உப்புத் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்துப் பிழிந்து அரியச் சொல்லுங்கள். இளம் இலைக்கு அது தேவையில்லை. வறைக்குச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வழக்கம் போல. ஆனால் தேங்காய்ப்பூவை முருங்கையிலைக்குப் போடுவதை விட ஒரு மடங்கு கூட்டலாம். தேங்காயும் உப்பும்தான் கைப்பை அடக்கும், சீனி அல்ல. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி. முதல் தடவை சாப்பிடுகிறவர்களுக்குப் பாதி முளைக்கீரை கலந்து வறுத்தால் முகம் சுளிக்கமாட்டார்கள். உங்கள் கணவரை நினைத்துத்தான் சொல்கிறேன். வெளிறிய இலையை வல்லாரைச் சம்பல் மாதிரிப் பச்சையாகப் போடலாம். லெபனான்காரர் வெங்காயத்தைப் பொன்னிறத்துக்கும் மேலே கருகக் கருகப் பொரித்து, அவித்த இலையின் மேல் கொட்டி, ஒலிவ் எண்ணெயும் தேசிப்புளியும் விட்டுச் சாப்பிடுவார்கள். ஹிந்த்பே என்பார்கள். லோரன்ஸ் அவெனியூ கிழக்கில் அரபுச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போகும்போது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பூவை நண்பகலில், நன்றாக விரிந்திருக்கும்போது பறிக்க வேண்டும். மாலையிலும் மப்பு நாளிலும் மூடிக்கொள்ளும். அடியிலிருக்கும் பச்சைப் பகுதிதான் கைக்கும், அதை நீக்கி மஞ்சளை மட்டும் கடலைமாவில் போட்டுப் பொரித்தால் பிள்ளைகள் கேட்டுச் சாப்பிடும். ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, உண்மையைச் சொன்னால் கடலைமாவின் ருசிதான்.

கோப்பி உண்மை. இரண்டாம் வருடத்து வேரை இலையுதிர் காலத்தில் எடுத்துக் கழுவி, சின்னதாக வெட்டி, நன்றாகக் காயவிட்டு, ஓவன் அடுப்பில் மெல்லிய சூட்டில் கடும் கபிலமாகும் வரை வறுத்து அரைக்க வேண்டும். வீடெல்லாம் சொக்லேட் மாதிரி ஒரு வாசம் வரும். தமிழ்நாட்டில் ஃபில்டர் காப்பிக்குச் சேர்க்கிற சிக்கரியும் இதற்கு உறவுதான், ருசியும் அந்தப் பக்கம்தான். காஃபீன் கிடையாது. மல்லியை வறுத்து இடித்து அதைக் கோப்பி என்று குடித்து வளர்ந்த எங்களுக்கு இது ஒன்றும் தூரமில்லை. அம்மா இடிக்கிற மல்லியோடு பாதிக்குப் பாதி கலந்து கொஞ்சம் வேர்க்கொம்பு போட்டால் எனக்குப் பிடிக்கும். வேரில் இனுலின் என்ற நார் அதிகம், முதல் நாளே இரண்டு கோப்பை குடித்தால் வயிறு ஊதும். வார்ஃபரின் விஷயத்தில் இலைக்குச் சொன்ன வைட்டமின் கணக்கு வேருக்கு அப்படியே பொருந்தாது. அதற்காகக் கேட்காமல் தொடங்க வேண்டாம், வைத்தியரிடம் கேட்கிற பட்டியலில் இதையும் சேர்த்துவிடுங்கள்.

இனிப் பக்கத்து வீட்டுக்காரர். அவர் முகம் சுளிப்பது பூவுக்கல்ல, அதற்குப் பிறகு வருகிற வெள்ளைப் பஞ்சுக்கு. அதில் அவர் பக்கம்தான் நியாயம். டான்டேலியனுக்கு விதை வைக்கத் தேனீ கூடத் தேவையில்லை. பெரும்பாலான செடிகள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை வைக்கும். பூக்கிற ஒவ்வொன்றும் பஞ்சாகும், ஒவ்வொரு பஞ்சிலும் நூற்றுக்கு மேல் விதை பறக்கும். ஆகவே பாத்தியில் நிற்பதைப் பூக்க விடாதீர்கள், மொட்டிலேயே கிள்ளுங்கள். அது இலைக்கும் நல்லது. கிள்ளிய மொட்டையும் பூவையும் புல்லில் போட்டுவிட்டுப் போகவும் கூடாது. அறுத்த பூ கிடந்த இடத்திலேயே விதையாகப் பழுத்துவிடும், நானே முதலில் நம்பவில்லை. சமைக்காதவற்றைத் தோட்டக் கழிவுப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். தேனீக்குச் சாப்பாடு போய்விடுமே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வசந்தத்தில் அது தேனீக்கு உதவுகிறதுதான், ஆனால் அதன் பூந்தாது மட்டும் தேனீக்கு முழுச் சாப்பாடு ஆகாது. மனமிருந்தால் வேலியோரம் ஒரு வில்லோ மரம் நடுங்கள். ரொறன்ரோவில் புல் 20 சென்டிமீட்டருக்கு மேலே வளரக் கூடாது என்று நகரச் சட்டம் இருக்கிறது. அம்மாவுக்காக வளவைக் காடாக விட்டால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். பலகை அடித்த பாத்தி என்றால் யாரும் அதைக் களை என்று சொல்லமாட்டார்கள்.

கணவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஆள் வைத்துப் பிடுங்கியும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அநேகமாக வேர் நடுவில் ஒடிகிறது. ஒடிந்த துண்டிலிருந்து ஒரு தலைக்கு இரண்டு மூன்று தலையாக வரும். மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது, நீண்ட களைக்கத்தியை ஆழமாக விட்டு முழு வேராகக் கிளப்ப வேண்டும். அப்புறம், புல்வெட்டும் மெஷினின் பிளேடை உயர்த்தி ஏழெட்டு சென்டிமீட்டர் புல்லை விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஒட்ட வெட்டுகிற வீட்டில்தான் டான்டேலியன் குடியிருக்கும், அதன் விதை கேட்பது வெளிச்சம்தானே. ஆகஸ்ட் கடைசியில் மொட்டை விழுந்த இடங்களில் புல் விதை தூவினால் அடுத்த வருடம் வித்தியாசம் தெரியும். புல்தரை அவருக்கு, பாத்தி அம்மாவுக்கு. இருவரும் ஒரே செடியோடு மல்லுக்கட்டுவார்கள், எல்லை மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

விதையை ஊருக்கு அனுப்பும் ஆசையை மட்டும் நிறுத்துங்கள். அனுமதிப் பத்திரமும் செடிச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் விதையைக் கடிதத்திலோ பயணப் பெட்டியிலோ இலங்கைக்குள் கொண்டுபோக முடியாது. 1999இன் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. அப்படியே போய்ச் சேர்ந்தாலும் யாழ்ப்பாணத்து வெக்கையில் முளைத்தது மாசி பங்குனியைத் தாண்டாது. குளிரான மலைநாட்டில் பிடித்துக்கொண்டால் அது இன்னொரு தொல்லை. அங்கே வேலியில் முசுட்டையும் குறிஞ்சாவும் தூதுவளையும் நிற்கும்போது இதை யாருக்கு அனுப்புவது? அம்மா கேட்டால், இலைக்கஞ்சிக்கு எந்த எந்த இலை போடுவார் என்று அவரிடமே கேட்டு, பெயர் பெயராக எழுதி எனக்கு அனுப்புங்கள். இங்கே கோடையில் சாடியில் வளரக்கூடியவை அதில் எத்தனை என்று பார்த்துச் சொல்கிறேன். வல்லாரை நிச்சயம் வரும், குளிருக்கு முன் உள்ளே தூக்கினால் போதும்.